மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தோட்டத்துக் குழந்தைகளும்

தென்மேற்குப் பருவமழை சப்ரகமுவ மலைச்சாரல்களில் இறங்கியதும், யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் றப்பர்த் தோட்டங்களிலும் பிள்ளைக்காம்பராக்களில் இருமலொலி கேட்கத் தொடங்கும். ஈரம் உலராத லயத்தில் ஒரு குழந்தைக்குத் தடிமன் கண்டால், சில நாட்களில் அடுத்த காம்பராக் குழந்தைக்கும் அது தொற்றும். இவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே வந்து தாமாகவே நீங்கும் நோய்கள். சில மட்டும் நெஞ்சிற் சளி கட்டி நியுமோனியாவாக முற்றும். வேறு சில இரத்தத்திற் கிருமி பரவிக் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும். அத்தகைய குழந்தை கேகாலைக்கோ இரத்தினபுரிக்கோ, சிற்சில வேளைகளில் அங்கிருந்து கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லப்படுகின்றது.

அங்கே, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், குழந்தையின் மூச்சுக் குழாயில் ஒரு குழாயும், நாளத்தில் ஓர் ஊசியும் பொருத்தப்படுகின்றன. வைத்தியர் இரத்தத்திற் சிறிது எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றார். எந்தக் கிருமி, அஃது எந்த மருந்துக்கு அடங்கும் என்ற முடிவு முழுமையாக வந்து சேர இரண்டு மூன்று நாட்கள் செல்லும். குழந்தையின் உயிரோ அத்தனை நாள் காத்திராது. ஆகவே, இந்தக் கிருமியாகத்தான் இருக்கக்கூடும், இந்த மருந்துக்கு அடங்கக்கூடும் என்று மதித்து அக்கணமே மருந்தை ஏற்றுதல் வேண்டும். முன்னொரு காலத்தில் அம்மதிப்பு தவறுவது அரிது. இன்று அது தவறுவது வரவரப் பெருகி வருகின்றது. மருந்து இருந்தும், அது வேளைக்குக் கிடைத்தும், கிருமி அதற்கு அடங்காமற்போகின்ற நிலை தோன்றியிருக்கின்றது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, இதனைத் தடுக்கும் வழி யாது என்பவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்கவேண்டிய செய்திகளாகும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை, அதாவது மக்கள் ‘அன்டிபயோட்டிக்’ என்று வழங்கும் மருந்துகளை, உலகம் பெற்று ஒரு நூற்றாண்டு இன்னும் நிறையவில்லை. 1928ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர், தாம் வளர்த்த கிருமிகளிடையே தற்செயலாக விழுந்த பூஞ்சணம் ஒன்று அக்கிருமிகளை அழித்திருப்பதைக் கண்டார். அப்பூஞ்சணத்தின் சாற்றுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டார். அதனை மருந்தாக்கும் முயற்சி ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின் ஆகியோர் முதலிய அறிஞர்களாற் கைகூடியது. 1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரர் ஒருவருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. முகமெங்கும் சீழ் கட்டி மரணத்தின் வாயிலில் நின்ற அவர், சில நாட்களில் எழுந்து உணவுண்ணும் அளவுக்குத் தேறினார். ஆனால் உலகில் அன்றிருந்த பெனிசிலின் மிகச் சிறிது. அவரது சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மீண்டும் ஏற்றியும் அது போதவில்லை. நோய் திரும்பியது, மார்ச் மாதத்தில் அவர் உயிர் நீத்தார். மருந்து வேலை செய்தது. ஆனால் போதிய அளவு கிடைக்கவில்லை. அக்காலத்துத் துயரம் அது.

அப்பொலிஸ்காரருக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்பே வேறொரு செய்தியும் வெளியாகியிருந்தது. சில கிருமிகள் பெனிசிலினைச் சிதைத்துவிடும் நொதியம் ஒன்றை உண்டாக்குகின்றன என்பதை ஏபிரகாம், செயின் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபொழுது ஆற்றிய உரையில் பிளெமிங்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தார். போதாத அளவில் மருந்தை உட்கொண்டால் கிருமி சாகாது. மாறாக, மருந்தைத் தாங்கும் வலிமையைப் பெறும். அவ்வாறு வலிமை பெற்ற கிருமி பிறரையும் தொற்றிக் கொல்லும் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம்.

கிருமி அவ்வாறு வலிமை பெறுவது எங்ஙனம்? தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. மலையில் ஒரே களைகொல்லியை ஆண்டுதோறும் தெளித்து வந்தால், பெரும்பாலான களைகள் கருகி மடியும். ஆனால் பல்லாயிரம் களைகளுள் அம்மருந்தைத் தாங்கும் இயல்புடையவை இரண்டொன்று இருக்குமாயின், அவை மட்டும் எஞ்சும். மற்றவை மடிந்த இடமெல்லாம் அவற்றின் வித்துக்களே முளைக்கும். சில ஆண்டுகளில் மலை முழுவதும் அந்த மருந்துக்கு மடியாத களைகளே நிறைந்திருக்கும். களைகொல்லி களையை மாற்றவில்லை. மடியாததைத் தெரிந்தெடுத்து வளரவிட்டது. குழந்தையின் உடலினுள்ளும் இதுவே நிகழ்கின்றது.

வேறுபாடு வேகத்தில் இருக்கின்றது. களை ஒரு தலைமுறை காணப் பல வாரங்கள் வேண்டும். கிருமியோ ஏற்ற சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுபடும். காலைப் பெரட்டு முடிந்த நேரந்தொட்டு எட்டு மணி நேரத்தில், ஒரு கிருமி 24 முறை பெருகி, கணக்கின்படி 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட கிருமிகளாகும். அத்துணைப் பெருக்கத்தில் மரபணுக்களிற் சிறு பிழைகள் நேர்தல் இயல்பே. அப்பிழைகளுள் ஒன்று, மருந்து உட்புகும் வாயிலை அடைத்துவிடலாம். புகுந்த மருந்தை வெளியே இறைக்கும் பொறியை வலுப்படுத்தலாம். மருந்து பற்றும் இடத்தின் உருவையே மாற்றிவிடலாம்.

இதனினும் வியப்பான செய்தியொன்றை யப்பானிய அறிஞர்கள் 1959ஆம் ஆண்டிற் கண்டனர். வயிற்றுளைவுக் கிருமிகள் பல மருந்துகளை ஒருங்கே எதிர்க்கும் ஆற்றலை வேறினக் கிருமிகளிடமிருந்து கைமாற்றாகப் பெறுகின்றன என்பதே அச்செய்தி. வளையம் போன்ற சிறு மரபுத் துணுக்கு ஒன்று கிருமிக்குக் கிருமி தாவிச் செல்கின்றது. ஆகவே, ஒரு குழந்தையின் குடலிலே தீங்கின்றி வாழும் கிருமி ஒன்று பெற்ற ஆற்றல், நாளை நோய் விளைக்கும் வேறொரு கிருமிக்குச் சொந்தமாகலாம்.

இந்த ஆபத்து தமிழகத்துக்கு அண்மையிலேயே ஒருமுறை வெளிப்பட்டது. நெருப்புக்காய்ச்சல் எனப்படும் தைபோயிட்டு நோய்க்குக் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து 1948ஆம் ஆண்டு முதல் கைகண்ட மருந்தாக விளங்கியது. 1972ஆம் ஆண்டு கேரளத்துக் கள்ளிக்கோட்டையில் அந்நோய் பரவியபொழுது, அம்மருந்துக்கு அடங்காத கிருமியே அங்கு காணப்பட்டது. வைத்தியர் வேறு மருந்தை நாடினர். காலப்போக்கில் கிருமி அதனையும் வென்றது. ஸ்ரபிலோகொக்கஸ் என்னும் சீழ்க்கிருமியின் வரலாறும் இத்தகையதே. பெனிசிலினுக்கு அடங்காத சீழ்க்கிருமிகளை அடக்கவென மெதிசிலின் என்னும் மருந்து வழக்குக்கு வந்தது. ஓரிரண்டு ஆண்டுக்குள், 1961ஆம் ஆண்டிலேயே, அதனையும் எதிர்க்கும் கிருமிகள் இங்கிலாந்திற் கண்டறியப்பட்டன.

அண்மைக் காலத்தில் வைத்தியர் இறுதிக் காவலாகக் கருதிவந்தவை கார்பபெனம் என்னும் இன மருந்துகள். அவற்றைச் சிதைக்கும் நொதியம் ஒன்று, இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் சுவீடன் நாட்டிற் கண்டறியப்பட்டு, 2009ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அத்தகைய நொதியங்களை உடைய கிருமிகள் இலங்கையிலும் காணப்பட்டுள்ளன. இதனால், சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த கொலிஸ்ரின் என்னும் பழைய மருந்தை வைத்தியர்கள் மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது. 2015ஆம் ஆண்டில், சீனாவின் பன்றிப் பண்ணைகளிலிருந்து பெற்ற கிருமிகளிடம், அதனையும் எதிர்க்கும் ஆற்றல் தாவிச் செல்லும் மரபுத் துணுக்காக இருப்பது அறியப்பட்டது.

பெரியோரைவிடக் குழந்தைகளை இவ்வாபத்து கடுமையாகத் தாக்குவது ஏன்? பிறந்த குழந்தைக்கு, சிறப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு, நோயெதிர்க்கும் ஆற்றல் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. நிறை குறைந்த குழந்தைக்கும் அவ்வாற்றல் குன்றியிருக்கும். தோலும் மூக்கும் தொண்டையும் உடலுக்குக் கோட்டைச் சுவர் போன்றவை. அதிதீவிர சிகிச்சையிலோ, உயிரைக் காக்கும் பொருட்டே அச்சுவரில் வாயில்கள் திறக்கப்படுகின்றன. மூச்சுக் குழாய், நாளக் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் கிருமிக்கும் வழியாகும். அவ்விடத்துக் கிருமிகளோ, நாள்தோறும் வலிய மருந்துகளைக் கண்டு பழகியவை. மேலும், புதிய மருந்துகள் பலவற்றுக்குக் குழந்தைகளுக்குரிய அளவு இன்னும் நன்கு ஆராய்ந்து வகுக்கப்படவில்லை.

டில்லி நகரின் மூன்று பெரிய வைத்தியசாலைகளில் 2011 முதல் 2014 வரை, அதிதீவிர சிகிச்சை பெற்ற 13,530 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. நூற்றுக்கு 14 குழந்தைகளுக்கு இரத்தத்திற் கிருமி பரவும் நோய் கண்டது. அக்குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்ட அசினெற்றோபக்ரர் என்னும் கிருமியில் நூற்றுக்கு 82 பங்கும், கிளெப்சியெல்லா என்னும் கிருமியில் நூற்றுக்கு 54 பங்கும் பல மருந்துகளை ஒருங்கே எதிர்ப்பனவாக இருந்தன. உலகளவிலே 2019ஆம் ஆண்டில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்தை எதிர்க்கும் கிருமிகளே நேரடிக் காரணம் என்று அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். அவ்வாறு மாண்டவர்களுள் ஐவரில் ஒருவர் ஐந்து வயது நிறையாத குழந்தை.

இனி, தோட்டத்து நிலைமையை நோக்குவோர்க்கு இரண்டு எதிரெதிரான குறைகள் ஒரே இடத்திற் புலப்படும். மருந்து வேண்டிய குழந்தைக்கு அது பிந்திக் கிடைக்கின்றது. வேண்டாத குழந்தைக்கு அது தாராளமாகக் கிடைக்கின்றது.

இரண்டு வயதுக் குழந்தையொன்றுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் காண்கின்றது எனக் கொள்க. தாய் வேலைக்குப் போகாவிடில் அன்றைய பேர் இல்லை. தோட்டத்து மருந்துச் சாலையில் வைத்தியர் எந்நாளும் இருப்பதில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவதாயின் மலைப்பாதையில் நடந்து பஸ் பிடித்து, வரிசையில் நின்று திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே, சென்ற மாதம் மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய பாணி மருந்து அடுக்கிலிருந்து இறங்குகின்றது. இல்லையேல், பக்கத்து வீட்டார் இரண்டு குளிசை தருகின்றனர். அதுவும் இல்லையேல், வைத்தியரின் துண்டின்றியே கடையில் மருந்து கேட்கப்படுகின்றது. அம்மருந்து அந்நோய்க்கு உரியதா, அளவு குழந்தையின் நிறைக்கு ஏற்றதா என்பதை அறிவார் எவருமில்லை. காய்ச்சல் வைரசுக் காய்ச்சலாயின், மூன்றாம் நாள் தானாகவே தணியும். மருந்தே தணித்தது என்ற நம்பிக்கை வீட்டில் வேரூன்றும். காய்ச்சல் நியுமோனியாவாயின், நோய் அரைகுறையாக அடங்கி, வெள்ளிக்கிழமை குழந்தையைத் துணியிற் சுற்றிக்கொண்டு ஓடவேண்டி வரும்.

இதிற் பழியைத் தாயின்மேற் சுமத்துதல் நீதியன்று. மருந்துச் சாலை அருகில் இருந்து, அதில் தக்கவர் இருந்து, நோயுற்ற குழந்தையைக் கொண்டுசெல்லும் தாய் ஒரு நாட் கூலியை இழக்க வேண்டாத நிலை இருக்குமாயின், அடுக்கிலிருந்த போத்தல் கீழே இறங்கியிராது. ஊசி போட்டாற்றான் நோய் தீரும் என்று வற்புறுத்தும் நோயாளியிடம் பொறுமையாக விளக்கம் சொல்லாது, கேட்ட மருந்தை எழுதிக் கொடுக்கும் வைத்தியருக்கும், துண்டின்றி விற்கும் கடைக்காரருக்கும் இதிற் பங்கு உண்டு. இலங்கையிலே நுண்ணுயிர்க்கொல்லிகள் வைத்தியரின் துண்டுக்கே விற்கத்தக்கவை என்பது சட்டம். 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு மருந்து விற்பனையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு உண்டு. சட்டம் கடை வாயிலில் நின்றுவிடாது உள்ளே நுழைதல் வேண்டும்.

எந்நோய்க்கு இம்மருந்து வேண்டும், எதற்கு வேண்டா என்ற தெளிவு வீட்டிலுள்ளோர்க்கு இருத்தல் பெரும் பயன் தரும். சாதாரணத் தடிமன், மூக்கொழுகல், டெங்கு ஆகியன வைரசு நோய்கள். நுண்ணுயிர்க்கொல்லி அவற்றை ஒன்றும் செய்யாது. நீர்போலக் கழியும் வயிற்றோட்டத்துக்கும் முதன் மருந்து ஜீவனி போன்ற உப்புச் சர்க்கரைக் கரைசலேயன்றி இக்குளிசைகள் அல்ல. மாறாக, எலிக்காய்ச்சலோ கிருமியால் வருவது. வெள்ளமும் சேற்று வயல்களும் மாணிக்கக் குழிகளும் உள்ள இரத்தினபுரி மாவட்டத்தில் அது பலரைத் தாக்கும் நோய். அதற்கு உரிய மருந்தைக் காலந் தாழ்த்தாது தொடங்குதல் வேண்டும். நல்வாய்ப்பாக, அக்கிருமி இன்றும் பெனிசிலினுக்கு அடங்குகின்றது.

நியுமோனியாவை அறிவதற்கு மணிக்கூடு ஒன்றே போதும். குழந்தை அழாது அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுக. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது விரைந்த மூச்சு. வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் உட்குழிதல், பால் குடிக்க மாட்டாமை, வலிப்பு, எழுப்பியும் விழியாத மயக்கம் ஆகியன தோன்றினால் பேருக்கும் பஸ்ஸுக்கும் காத்திராது அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுதல் வேண்டும். பச்சிளங் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், உடல் வழமைக்கு மாறாகக் குளிர்ந்தாலும் அவ்வாறே செய்க.

வைத்தியர் மருந்து தந்தால், அவர் குறித்த அளவை, குறித்த வேளையில், குறித்த நாள் வரை கொடுத்தல் முறை. குழந்தை தேறியதென்று இடையில் நிறுத்தலாகாது. நல்லதென்று நாட்களைக் கூட்டலுமாகாது. வேண்டியதற்கு மேல் நீடிக்கும் சிகிச்சையும் எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்பது இன்றைய மருத்துவர் கண்ட உண்மை. பாணி மருந்தைக் கொதித்தாறிய நீரிற் கலந்து, தரப்பட்ட அளவு கருவியால் அளந்து ஊட்டுக. சமையற் கரண்டி அளவுகோல் ஆகாது. மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கெனச் சேமித்தல் வேண்டா.

இனி, மருந்து வேண்டாத நிலையை உண்டாக்குதலே தலையாய வழி. வியன்னா நகரில் 1847ஆம் ஆண்டு செம்மெல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவ வார்ட்டுக்குச் செல்வோர் கைகளைக் குளோரின் கரைசலிற் கழுவவேண்டும் என விதித்தவுடன், பிள்ளை பெற்ற தாய்மாரின் மரணம் பெரிதும் குறைந்தது. இன்றும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தையின் கிருமி மறு குழந்தையை அடைவது பெரும்பாலும் கைகளின் வழியாகவே. வைத்தியரும் தாதியும் மட்டுமன்றி, பார்க்க வரும் உறவினரும் கை கழுவியே கட்டிலை அணுகுதல் வேண்டும். வீட்டிலே தூய நீரும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மலகூடமும், பிள்ளைக்காம்பராவிற் சவர்க்காரமும் இருக்குமாயின், பல நோய்கள் வாயிலிலேயே நின்றுவிடும். தாய்ப்பாலும் தடுப்பூசியும் இவற்றுக்குத் துணை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சலுக்கும் நியுமோனியாவுக்கும் காரணமான ஹிப் என்னும் கிருமிக்குரிய தடுப்பூசி 2008ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டு வருகின்றது. தடுப்பூசி தடுத்த நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டுவதில்லை. வேண்டாத மருந்துக்குக் கிருமி பழகுவதுமில்லை.

எதிர்ப்பாற்றல் பெற்ற பகையை வெல்லுதல் கூடாத காரியமா? இலங்கையின் வரலாறு அதற்கு விடை தருகின்றது. 1934–35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளை இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. மிகுதியாகத் தாக்குண்ட இடங்களுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. பின்னர் டி.டி.ரி. மருந்தின் உதவியால் 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கிட்டியதென்று காவல் தளர்ந்தது. நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது, நுளம்பும் டி.டி.ரி.க்கு மடியாததாயிற்று. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. வேறு மருந்து, வீடு வீடாகச் சோதனை, இரத்தப் பரிசோதனை எனப் பல்லாண்டு உழைத்ததன் பயனாக, 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. ஒரு மருந்தை மட்டும் நம்பியபோது தோல்வியும், பல வழிகளை ஒருங்கே இடைவிடாது கையாண்டபோது வெற்றியும் கிட்டின.

தோட்டத்திலே பல லயங்களுக்கு ஒரே பீலி நீர் பாயும் இடங்கள் உண்டு. மேல் லயத்தார் அதனை வீணாக்கினாலோ அழுக்காக்கினாலோ, தவிப்பவர் கீழ் லயத்தார். அவர்களை மேல் லயத்தார் கண்டுமிருக்கமாட்டார். நுண்ணுயிர்க்கொல்லியும் அத்தகைய பொதுப்பொருள். தடிமனுக்கு வீணே ஊட்டிய ஒரு கரண்டி மருந்து, இரத்தினபுரியிலோ கொழும்பிலோ குழாய்களுக்கு நடுவிற் கிடக்கும் யாரோ ஒருவரின் குழந்தைக்கு வேண்டிய மருந்தின் வலிமையிற் சிறிது குறைக்கின்றது. ஒரு நாள் அக்குழந்தை தம் குழந்தையாகவும் இருத்தல் கூடும். அன்று வைத்தியர் ஏற்றும் முதல் மருந்துக்கே கிருமி அடங்குமா என்பது, இன்று லயத்திலும் மருந்துச் சாலையிலும் கடையிலும் வார்ட்டிலும் உள்ளோர் மருந்தைக் கையாளும் முறையைப் பொறுத்தது.